ஏழாவது வளைவு

பந்தயத் தடத்தின் ஏழாவது வளைவு இறக்கத்தில் இருந்தது. அங்கே காரின் பாரமெல்லாம் முன்னால் சாய்ந்துவிடும், பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் குறையும். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் கார் பம்பரமாகச் சுழலும். பெடலைக் கால்வாசி அழுத்தி அப்படியே வைத்திருக்க வேண்டும். நேற்றைய பயிற்சியில் அவள் மூன்று முறை சுழன்றாள். இன்று பன்னிரண்டு சுற்றில் ஒரு முறைகூட இல்லை.

அவளுடைய மெக்கானிக் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். லேப்டாப்பில், பெடல் எவ்வளவு அழுந்தியிருந்தது என்று காட்டும் வரைகோட்டைக் காட்டினான்.

"ஒரு சுத்துலகூட நீ காலை எடுக்கல பாரு. தொண்டைத் தண்ணி வத்தக் கத்துனது வீண் போகல."

"எடுத்தேன்ணா. பன்னெண்டு தடவையும் பயந்து எடுத்துட்டேன். கார் எப்படிச் சுத்தாம வந்துச்சுன்னு எனக்கே புரியல."

"சும்மா இரு," என்று சொல்லி, பெடலுக்கு மேலே பொருத்தியிருந்த கேமராவின் பதிவை ஓட்டினான்.

ஏழாவது வளைவு வந்தது. அவளுடைய சிவப்பு ஷூ பெடலை விட்டு மேலே எழுந்தது. பெடல் எழவில்லை. கால்வாசி தாழ்ந்தபடியே நின்றது.

பன்னிரண்டு சுற்றும் அப்படித்தான்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. போய்க் காருக்குள் குனிந்து பெடலைக் கையால் அழுத்திவிட்டுக் கையை எடுத்தான். எங்கும் சிக்காமல் உடனே மேலே வந்தது.

அடுத்த பயிற்சிக்கு மணி அடித்தது. இருவரும் காரின் திறந்த கதவருகே நின்றிருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெடல் மெல்லத் தாழ்ந்து, கால்வாசியில் நின்றது.