மூத்தவர் எழும்வரை

கதவுகளைச் சாத்தி எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

தூதர் நிகனோர் இலிச் சோபாவில். அவர் மனைவி உலியானா பெத்ரோவ்னா பக்கத்தில். சமையல்காரி, சலவைக்காரி, வண்டியோட்டி, பீட்டர்ஸ்பர்க்கில் அந்த வீட்டுக்கு உழைக்கிற பதினான்கு பேரும் சுவரோரம் கிடைத்த பெட்டிகளின்மேல்.

பயணத்துக்கு முன் சற்றுநேரம் பேசாமல் உட்கார வேண்டும். குடும்பத்தில் வயதில் மூத்தவர் முதலில் எழுந்து சிலுவையிட்டுக்கொள்வார். அதற்கு முன் வேறு யாராவது எழுந்துவிட்டால் போன வழி நல்லபடி முடியாது.

வெளியே பனியில் குதிரைகள் மணியை ஆட்டிக்கொண்டிருந்தன.

பதினெட்டு வருடங்களுக்கு முன்பும் இதே சோபாவிலிருந்துதான் அவர் துருக்கி சுல்தானின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளுக்குப் புறப்பட்டார். போய்ச் சேர்ந்த மறு மாதமே போர் மூண்டது. எதிரியின் தூதரைச் சிறையில் தள்ளுவது சுல்தானின் வழக்கம். மூன்று வருடம் கோட்டைச் சிறை. திரும்பி வந்தவரின் இருமல் இன்னும் நிற்கவில்லை.

இப்போது மறுபடியும் போர்ப் பேச்சு. மறுபடியும் அவரைத்தான் அங்கே அனுப்புகிறார் பேரரசி.

அவருக்கு வயது அறுபத்தொன்று. உலியானாவுக்கு ஐம்பத்தெட்டு என்பது வீட்டில் எல்லோரும் அறிந்தது.

அவர் எழவில்லை.

புதிதாகச் சேர்ந்த ஜெர்மன் எழுத்தர் கடியாரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். வண்டியோட்டி தொப்பியைத் திருகினான்.

"ஐயாவுக்கு முட்டி பிடிச்சுக்கிச்சோ?" என்று சமையல்காரி முணுமுணுத்தாள்.

"வாய மூடு. வழி கெட்டுப்போகும்" என்றாள் சலவைக்காரி.

நிகனோர் இலிச் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உலியானாவின் கழுத்து சிவந்தது. பிறகு காது. விரல்கள் சால்வை நுனியை ஒருமுறை முறுக்கி விட்டன.

அவள் எழுந்தாள்.

மூலையிலிருந்த திருவுருவத்தைப் பார்த்துச் சிலுவையிட்டுக்கொண்டாள். அவள் திரும்பினாள்.

"எனக்கு அறுபத்துமூணு. நல்லாப் பாத்துக்குங்க, இதுக்கு மேல ஒளிக்க ஒண்ணுமில்ல."

சமையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகுதான் நிகனோர் இலிச் எழுந்தார். அவர் முகத்தில் வியப்பு இல்லை.

பெட்டிகள் வெளியே போயின. வாசலறையில் உலியானா அவருக்கு ஓநாய்த்தோல் கோட்டை மாட்டிவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே உங்க ஊர்க் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டப் பாத்துட்டேன். நான் தூதன், உல்யா. விசாரிக்காம கையெழுத்துப் போடுவேனா?"

அவள் கை பொத்தானில் நின்றது.

"நான் சொன்ன பொய்தான் உங்கள அந்தக் கோட்டைல போட்டுச்சுன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கேன். தெரிஞ்சுமா அன்னிக்கு நீங்க முதல்ல எழுந்தீங்க?"

"அத்தனை பேர் முன்னால உன்னக் காட்டிக்கொடுக்க மனசு வரல."

அவள் கழுத்தோரக் கடைசிப் பொத்தானைப் போட்டாள். காலரை இழுத்துவிட்டாள். கையை எடுக்கவில்லை.

"அப்ப, இன்னிக்கு?"

"இன்னிக்கு" என்றார் அவர், "திரும்பி வரணும்னு இருக்கு."