தனி இலை

“தட்டைக் கையில குடுத்து அலைய விட்டுட்டானப்பா பூமிநாதன். இலைக்குக்கூடவா பஞ்சம்?”

கை கழுவும் இடத்தில் யாரோ சொன்னது முத்தழகு காதில் விழுந்தது. பூமிநாதன் அவளைப் பெற்ற அய்யா. நயினார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ராமநாதபுரம் வந்து, மண்டபம் பிடித்து அவள் அண்ணனின் கல்யாணத்தை நடத்துகிறார். பந்தி கிடையாது, பஃபேதான் என்றதும் சொந்தமெல்லாம் முகம் சுளித்தது.

மலையாண்டிப் பெரியப்பா சுளித்ததோடு நிற்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் சாப்பிடாமல் கிளம்பினால் பங்காளிகளில் பாதிப் பேர் பின்னாலேயே போவார்கள். அப்புறம் நல்லது கெட்டதுக்கு வீட்டுப் படி ஏற மாட்டார்கள்.

“போய்க் கூப்பிடுத்தா. நீ சொன்னா கேப்பாரு,” என்று அம்மா அவளைத் தள்ளிவிட்டாள்.

“வாத்தா, இங்கிலீசு படிக்கிறவ. அதென்ன பஃபே? அர்த்தம் சொல்லு பாப்போம்,” என்றார் பெரியப்பா, அவளைக் கண்டதும்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசும் முத்தழகு மெதுவாகச் சொன்னாள்.

“பிரெஞ்சுக்காரங்க வார்த்தை பெரியப்பா. மொதல்ல சாமான் வைக்கிற அலமாரிக்குத்தான் அந்தப் பேரு. பொறவு அதுமேல வச்ச சாப்பாட்டுக்கும் அதே பேராயிருச்சு.”

“அப்ப ஆளு உக்கார எடம்?”

“அதுல இல்ல பெரியப்பா.”

“கேட்டீகளாப்பா, அலமாரிக்கு இருக்கிற மரியாதை ஆளுக்கு இல்லையாம்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பத்திரிகை அடிக்கும் முன்னால் அய்யாவும் இதே அர்த்தத்தைக் கேட்டிருந்தார். ஆனால் அவர் சிரிக்கவில்லை. “அப்ப யாரு எங்கன உக்காரணும்னு யாரும் சொல்ல ஏலாது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைக்கே, பந்தி வேண்டாம், பஃபேதான் என்று சமையல்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

இப்போது அய்யாவே வந்தார்.

“சாப்பிட வாண்ணே.”

“எனக்கு முட்டி வலி. நின்னுக்கிட்டுத் திங்க முடியாது.”

“அதுக்கென்ன. இங்கனயே ஒரு மேசை போட்டு, உனக்கு மட்டும் தனியா இலை போடச் சொல்றேன்.”

முட்டி வலி மறந்து பெரியப்பா எழுந்துவிட்டார்.

“என்னை மட்டும் தனியா உக்கார வச்சுச் சோறு போடுவியா? நான் என்ன அன்னியனா? இத்தனை பேரு பாக்க இப்படி அவமானப்படுத்தத்தான் கூப்பிட்டியா?”

அய்யா சாப்பாட்டு வரிசையைத் திரும்பிப் பார்த்தார். முத்தழகும் பார்த்தாள்.

வரிசைக் கடைசியில், அவர்கள் வயலில் பாடுபடும் சின்னக்கருப்பனும் அவர் மனைவி பஞ்சம்மாளும் தட்டோடு நின்றிருந்தார்கள். முத்தழகின் அக்கா நாகலெட்சுமி கல்யாணத்தில் அய்யாவே கைபிடித்து முதல் பந்தியில் உட்கார வைத்தவர்கள். எல்லார் முன்னாலும் அவர்களை எழுப்பி, கொல்லைப்பக்கம் தனியாக இலை போடச் சொன்னவர் பெரியப்பா. அன்று இரண்டு பேரும் சாப்பிடாமலே போனார்கள். அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேச அய்யாவால் முடியவில்லை.

பெரியப்பாவும் அந்தப் பக்கம் பார்த்தார். துண்டை எடுத்து மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

பிறகு போய் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பஞ்சம்மாளுக்குப் பின்னால் நின்றார்.

அவள் பதறி ஒதுங்கினாள். “நீங்க முந்திப் போங்கய்யா.”

“நில்லு, நில்லு. வரிசைன்னா வரிசைதான்.”

பஞ்சம்மாள் சோற்றைப் போட்டுக்கொண்டாள். பின்னால் நிற்பவரை நினைத்து, கரண்டியைத் திரும்ப வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெரியப்பா கையை நீட்டி அந்தக் கரண்டியை வாங்கி, தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டார்.