வெளுத்த பாசி

"என்னங்க இது, போன வாரத்தைவிட வெளுத்துக் கிடக்கு? கடலுக்கு என்னதான் ஆச்சு?"

கட்டிலில் சாய்ந்தபடியே, மடியிலிருந்த தண்ணீர்த் தட்டில் மிதந்த கடற்பாசியைத் தூரிகை நுனியால் பிரித்துக்கொண்டிருந்தாள் டீச்சர். கல்லூரியில் பாடம் நடத்தியவள். பாறைக்கரையில் ஏறி இறங்கிப் பாசி சேகரித்து, உலர்த்தி, இனம் பிரித்தே பாதி ஆயுளைக் கழித்தவள். அவள் படுக்கையில் விழுந்ததிலிருந்து, வாரம் ஒருமுறை வாளியோடு போய்ப் பாசி கொண்டுவருவது கணவரின் வேலையாகிவிட்டது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதிலிருந்தே அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

"வெயில் ஜாஸ்தி டீச்சர். பாறையெல்லாம் கொதிக்குது."

"வெயில்ல வெளுக்கிறது வேற. இது சிவப்பு இனம். நுனியெல்லாம் நைஞ்சு போயிருக்கு பாருங்க, தொட்டா கையோட வருது." அவள் குரல் உடைந்தது. "அந்தக் கரை செத்துக்கிட்டிருக்குங்க."

"எனக்கென்ன தெரியும்? சிவப்பா இருந்தா நிக்கணும், பச்சையா இருந்தா போகணும். பஸ்காரன் படிச்ச படிப்பு அவ்வளவுதான்."

வழக்கமாக இதற்குச் சிரித்துவிடுவாள். இன்று சிரிக்கவில்லை. பாசிக்கு அடியில் தடித்த தாளைச் செருகி, மெல்லத் தூக்கி, தண்ணீரை வடித்தாள்.

"ஒரே ஒரு தடவை என்னை அங்க கூட்டிட்டுப் போங்க."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"காரை விட்டு இறங்கக்கூட மாட்டேன். ரோட்டுல இருந்தே பார்த்துட்டு வந்துடுறேன். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்."

"எப்போ கேட்டே?"

"நேத்து ஊசி போட வந்தப்போ. தாராளமா போங்க, ஆசைப்பட்டதையெல்லாம் செய்ங்கன்னார். டாக்டர் அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வாளியின் கைப்பிடியை விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன.

"ரோடு சரியில்ல. குண்டும் குழியுமா கிடக்கு."

"காலமெல்லாம் பஸ் ஓட்டின மனுஷன் பேசுற பேச்சா இது?"

"முடியாதுன்னா முடியாது!"

அவர் போட்ட சத்தத்தில் தட்டு ஆடி, தண்ணீர் போர்வையில் சிந்தியது.

"பேப்பரை நிறுத்துனீங்க, பொறுத்துக்கிட்டேன். என்னைப் பார்க்க வர்றவங்களை வாசலோட அனுப்புறீங்க, அதையும் பொறுத்துக்கிட்டேன். சாகப்போறவ கடலைப் பார்க்கணும்னு கேட்டா அதுக்குமா மனசு வரல? எப்போங்க இப்படிக் கல்லாப் போனீங்க?"

தட்டை ஓரமாக வைத்துவிட்டு, அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். போர்வைக்குள் தோள்கள் குலுங்கின. கையை நீட்டித் தொடப்போனவர், தொடாமலே எழுந்தார். பின்னறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வாயைப் பொத்தி அழுதார்.

அவள் கேட்ட பாறைகளை மூடி அவற்றின்மேல் புதுத் துறைமுகம் எழும்பி இரண்டு வருடமாகிவிட்டது. கல்லூரிக்குக் கொடுத்ததுபோக அவள் வீட்டில் வைத்திருந்த உலர்ந்த பாசித் தாள்களில், அடுத்த வாரம் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கொண்டுபோக இனி ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது.