ஏழாவது வெடி

கடைசிச் சத்தம் அடங்கியதும் எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

வெட்டிக்கொண்டிருந்த கிணற்றின் வாயிலிருந்து புகை ஏறிக்கொண்டிருந்தது. பாறைத்தூள் வேப்பமரத்து இலைகளில் வந்து உட்கார்ந்தது.

காலையிலிருந்து பாறையில் துளைத்த குழி ஏழு. ஏழிலும் வெடிமருந்துத் தோட்டாவைத் திணித்து, ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும்படி திரியை நீட்டியும் குறைத்தும் வெட்டி, பற்றவைத்துவிட்டு மேலே ஏறி வந்தவன் அவன்தான். மேஸ்திரி.

ஏழு வைத்தால் ஏழு கேட்க வேண்டும். ஆறு கேட்டால் ஒன்று வெடிக்காமல் கல்லுக்கடியில் கிடக்கிறது என்று அர்த்தம். கடப்பாரை பட்டால் போதும்.

நாலு வரைக்கும் எண்ணினான்.

அப்புறம் இருமல் வந்துவிட்டது. அடிவயிற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்த இருமல். அதற்கு நடுவில் கேட்டது இரண்டா, மூன்றா?

தெரியவில்லை.

"எறங்கட்டுமா மாமா?" என்றான் மாரப்பன். மேஸ்திரி பெண்டாட்டியின் தம்பி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். வெடித்த கல் மேலே ஏறினால்தான் அன்றைக்குக் கூலி.

"உனக்கு எத்தனை கேட்டுச்சு?"

"நீங்க எண்ணுறப்ப நான் எதுக்கு மாமா எண்ணிக்கிட்டு?"

கிரேன் ஓட்டுகிற செங்கோடனைப் பார்த்தான்.

"நான் ராத்திரிக்குக் கறியா மீனான்னு ரோசனை பண்ணிட்டு இருந்தேன்," என்றான் செங்கோடன்.

கல் சுமக்கும் ருக்காயி, தன்னைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "எனக்கென்ன தெரியும்? மேஸ்திரி தலையாட்டுனாத்தான் காதுல இருந்து கைய எடுப்பேன்."

எல்லாம் நல்ல காதுகள்தான். அடுத்த ஊரில் டவுன் பஸ் திரும்பும்போதே இன்றைக்கு எந்த டிரைவர் என்று சொல்லிவிடுவார்கள்.

கோபப்படவும் முடியவில்லை. பழைய மேஸ்திரியிடம் வேலை செய்த காலத்தில் அவனும் ஒரு வெடியைக்கூட எண்ணியதில்லை. கிணறு அதிரும்போது தன் கல்யாணத்தைப் பற்றி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எவ்வளவு சுகமாக இருந்தது.

"எனக்குத் தெரியலை," என்றான்.

செங்கோடன் சிரித்தான்.

"மேஸ்திரி நம்மளச் சோதிச்சுப் பாக்குறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நிம்மதியான சிரிப்பு.

மாரப்பன் கிரேன் வாளியில் காலை வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"டேய், நெசமாத்தான் சொல்றேன். இருமல்ல விட்டுட்டேன்."

"சரிங்க மாமா," என்றான் மாரப்பன். அடம்பிடிக்கிற பிள்ளையிடம் சொல்கிற சரி.

செங்கோடன் லீவரைத் தள்ளினான். வாளி இறங்கியது. முதலில் இடுப்பு மறைந்தது. தோள் மறைந்தது. துண்டும் மறைந்தது.

மேஸ்திரி கத்த வாயெடுத்தான். கத்தினால் அதற்கும் சிரிப்பார்கள்.

மெதுவாகச் சொன்னான். சோம்பலாக, எப்போதும் சொல்வது போல.

"நிறுத்து செங்கோடா. ஆறுதான் வெடிச்சது. நான் எண்ணினேன்."

லீவரில் இருந்த கை அந்தக் கணமே நின்றது.

சிரிப்பும் நின்றது. ருக்காயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வாளி மேலே வந்தது. மாரப்பன் இறங்கி, தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன மாமா."

எந்தக் குழி என்று யாரும் கேட்கவில்லை. எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை.

"இன்னிக்கி ஒருத்தரும் எறங்க வேண்டாம். காலையில நான் மொதல்ல எறங்கிப் பாத்துட்டுச் சொல்றேன்."

"சரிங்க மேஸ்திரி."

இது வேறு சரி.

அன்றைய கூலி போனதற்கு ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கைகால் கழுவிக்கொண்டு வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டிகளைத் திறந்தார்கள். செங்கோடன் மீன்தான் என்று முடிவு செய்திருந்தான். ருக்காயி, அவனுக்கு மீன் வாங்கத் தெரியாது என்றாள். சாப்பிட்ட இடத்திலேயே மாரப்பன் தூங்கிப்போனான். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவன் மட்டும் கிணற்றோரம் நின்றான். புகை அடங்கிவிட்டது. கீழே உடைந்த கல் குவியலாகக் கிடந்தது. பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஏழும் வெடித்திருந்தால், காலையில் அது தெரிந்துவிடும். மேஸ்திரி எண்ணியது தப்பு என்று ஆகிவிடும். அடுத்த முறை அவன் நிறுத்து என்றால், லீவரில் இருக்கும் அந்தக் கை ஒரு கணம் யோசிக்கும்.

வெடிக்காமல் ஒன்று மிச்சம் இருக்க வேண்டும் என்று நினைத்தான்.

நினைத்ததும் உடம்பு கூசியது. காலையில் அந்தக் கல்லின்மேல் முதலில் படப்போவது அவன் கால்.

மரத்தடியைத் திரும்பிப் பார்த்தான். இப்போது மற்றவர்களும் படுத்துவிட்டிருந்தார்கள்.

அந்த ஒன்று இருக்கட்டும் என்று மறுபடியும் நினைத்தான்.