ஒரு கை கடல்தண்ணீர்

கடலில் பவளப்பாறை எதுவும் மிஞ்சாததால், ஆய்வுக்கூடத்தில் பிழைத்திருந்த துண்டுகளைத் தூத்துக்குடிக் கரையில் வீட்டுக்கொன்றாக வளர்க்கக் கொடுத்தார்கள். எஸ்கலினுக்குக் கிடைத்தது விரல் நீளம்தான் இருக்கும். வடிகட்டிய தண்ணீரில் அவர்கள் பாக்கெட்டில் கொடுத்த உப்பைக் கரைத்துக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, நீல விளக்கைப் போட்டு, தண்ணீர் பக்குவப்படும்வரை காத்திருந்துதான் துண்டை உள்ளே வைத்தாள். மறுநாள் அது பூ மாதிரி விரிந்தது.

அவள் கணவன் ரொசாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புது வள்ளம் இறக்கும்போது ஒரு கை கடல்தண்ணீர் தெளிப்பது அவன் வீட்டு வழக்கம். வள்ளத்தை விற்று நாளாகியும் கை மறக்கவில்லை. அவள் கடைக்குப் போன நேரத்தில் சொம்பில் மொண்டுவந்து தொட்டியில் தெளித்தான்.

அவள் திரும்பியபோது பவளம் சுருங்கிக் கிடந்தது. சாயங்காலத்துக்குள் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

“என்னத்த ஊத்துனிய?”

“கடத்தண்ணிதான்ட்டி. ஒரு கைதான். அது பொறந்த எடத்துத் தண்ணிதானன்னு...”

அவள் தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு அவனிடம் நீட்டினாள்.

“இத எங்க கொட்ட?”

“கடல்லயே ஊத்துங்க. அதுக்காவது கொஞ்சம் நல்ல தண்ணி கெடைக்கட்டும்.”