முட்டை கேஸ்

நான் துப்பறியும் நாய். இதை வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கூட்டிலிருந்து யாரோ வைக்கோலை உருவிக்கொண்டு போகிறார்கள் என்று கோழி புகார் கொடுத்தது. விசாரிக்கப் போனேன். போன வேகத்தில் தண்ணீர்க் கிண்ணத்தில் கால் வைத்து வழுக்கி, கூட்டுக்குள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். சட்டென எழுந்து, "திருடன் இப்படித்தான் உள்ளே வந்திருக்கிறான்" என்று சமாளித்தேன்.

கோழி கூட்டை எட்டிப் பார்த்தது. "மூணு முட்டை இருந்துச்சுங்கய்யா. இப்ப ரெண்டுதான் இருக்கு" என்றது தயங்கித் தயங்கி.

"அப்போ இது வைக்கோல் கேஸ் இல்லை. முட்டை கேஸ்."

அந்தப் பக்கமாகப் போன எலியைப் பிடித்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா" என்றது. அதைக் கட்டிப்போட்டு விசாரிக்கலாம் என்று கயிற்றை எடுத்து, என் கால்களையே கட்டிக்கொண்டு தூணில் முட்டி விழுந்தேன். எலிதான் கயிற்றைக் கடித்து அறுத்து என்னை விடுவித்தது. அந்த அவமானத்துக்கும் சேர்த்து அதன் காதருகே குரைத்தேன். பொழுது சாய்கிற வரை குரைத்தேன்.

கடைசியில் எலி, "நான்தாங்கய்யா எடுத்தேன்" என்றது.

பெருமையோடு கோழியைப் பார்த்தேன். அது என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வாலையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். வாலில் மஞ்சள் கரு காய்ந்துபோயிருந்தது. அதில் உடைந்த முட்டை ஓடு ஒட்டிக்கொண்டிருந்தது.

வாலை இடுக்கிக்கொண்டு, எலியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அது கைகூப்பிவிட்டது.

"அதையும் நான்தாங்கய்யா ஒட்டினேன்."