நாளைக்கு மூணு மணிக்கு

விடியலிலிருந்து மணி எண்ணும் அடிஸ் அபாபாவின் வழக்கம் செயற்கை நுண்ணறிவுக்குப் புரிகிறதா என்று சோதிப்பது ஹிருத்தின் வேலை. அன்று, இரண்டு வருடங்களுக்கு முன் காணாமல் போன அண்ணனின் கடைசிக் குறுஞ்செய்தியைக் கொடுத்துப் பார்த்தாள்: “நாளைக்கு மூணு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவேன்.”

“மூணுன்னா காலை ஒன்பது. இதை என்னைக்கு எழுதினாங்கன்னு எனக்குத் தெரியாது. அதனால அந்த ‘நாளை’ முடிஞ்சுபோச்சுன்னு சொல்ல மாட்டேன்,” என்றது அது.

“தெரியாததைத் தெரியாதுங்குது. நம்ம மேனேஜருக்கு இது வருமா?” என்றான் பக்கத்து மேசை பிர்ஹானு.

ஹிருத் முழு மதிப்பெண் போட்டாள்.

மறுநாள் விடுமுறை. வீட்டில் அவளும் நாயும்தான். காபிக் கொட்டையை வறுத்து இடித்துக் கொதிக்கவைத்தாள்; இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தாள்.

ஒன்பது மணிக்குத் தகரக் கதவு கிறீச்சிட்டது. வெளியாள் யாரானாலும் குரைத்துத் தீர்க்கும் நாய், வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடியது.